‘மோகமுள்’ யமுனாவின் காதல் நோக்கும் நான்காம் வேற்றுமையும்

1. முன்னுரை

தி. ஜானகிராமனின் (1921-1982) ‘மோகமுள்’ 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாக்கம் பெற்றது. தமிழ் நாவல் வரலாற்றை எழுதுவோர் தவிர்த்துச் செல்ல இயலாத படைப்பு இது. இந்நாவல் குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றி அமைந்துள்ளன. கருநாடக இசையை நாவலுக்குள் கொண்டுவந்த திறம் ஒன்று. கும்பகோணம், தஞ்சாவூர் வாழ்க்கையின் சித்திரிப்பு மற்றொன்று. தன்னைவிடப் பத்தாண்டுகள் மூத்த யமுனாவின்பால் பாபு கொண்ட மோகம் மூன்றாவது. இம்மூன்றாம் பொருளைப் பேசுமிடத்தும் யமுனா பாபுவின் மோகத்திற்கு இலக்காகவே பேசப்படுகிறாள். காதலைப் பற்றி அவள் கொண்டிருந்த கருத்து யாது என்னும் வினா தனித்து எழுப்பப்படுவது குறைவு.

அவ்வினாவை எழுப்பி, மொழியியல் நோக்கில் விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. யமுனாவின் காதல் நோக்கு அவள் மறுக்கும் முறையிலும், நாவலின் இறுதிப் பகுதியில் அவள் கேட்கும் ஒரு சிறு வினாவிலும் அடங்கியுள்ளது என்பதும், அவ்வினாவின் பொருள் நான்காம் வேற்றுமை உருபு ஒன்றில் தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

இக்கருதுகோள் தோன்றிய வகையையும் தொடக்கத்திலேயே கூறுதல் வேண்டும். இக்கட்டுரையாளர் மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்புகளில் யமுனாவின் அவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதுண்டு. அப்போதெல்லாம் ‘இவ்வளவுதானா’ என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரையே அதற்கு நிகராகக் காட்டிவந்தார். மாணவர் எவரும் அதனை மறுத்ததில்லை. அப்பெயர்ப்பு பிழையானது என்பதை உணர்த்தியது மும்பை சீத்தா கேம்ப்பில் தமிழ்ப் பெண்கள் சிலரோடு நிகழ்ந்த ஒரு வாசிப்பாகும். அவ்வாசிப்பைக் குறித்து ஆறாம் பகுதியில் கூறப்படும். அதற்குமுன் நாவலுக்குள் யமுனாவின் நிலையை வரையறுத்துக்கொள்வது தேவையாகிறது.

2. நோக்குநிலையும் யமுனாவின் அகமும்

‘மோகமுள்’ படர்க்கையில் சொல்லப்பட்ட கதை. ஆயினும் கதைகூறுவோன் பெரும்பாலும் பாபுவின் தோளருகே நின்றே உலகைக் காண்கிறான். பாபுவின் நினைவு, குற்றவுணர்வு, இசைமயக்கம், தன்னிரக்கம் ஆகியவை வாசகனுக்கு உள்ளிருந்து தெரியவருகின்றன. யமுனாவின் நினைவோட்டத்திற்கு அத்தகைய வாயில் திறக்கப்படவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்பதைப் பாபு எவ்வளவு அறிவானோ அவ்வளவே வாசகனும் அறிகிறான்.

திறனாய்வில் இதன் விளைவு பெரிது. யமுனாவைத் தெய்வமாகக் காண்பது பாபுவின் பார்வை. அவளை விளங்காத புதிராகக் காண்பதும் பாபுவின் பார்வையே. திறனாய்வாளர் பலர் இவ்விரு பார்வைகளுள் ஒன்றை யமுனாவின் இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். தெய்வம் இறங்கிவந்துவிட்டது என்று வருந்துவோரும், கல் கனிந்தது என்று மகிழ்வோரும் பாபுவின் கண்கொண்டே நோக்குகின்றனர்.

அகவுலகு மறைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தின் கருத்தை அறிய மொழியியலார்க்கு உள்ள வழி, அப்பாத்திரத்தின் பேச்சுச் செயல்களை ஆராய்வதாகும். யமுனாவின் பேச்சுச் செயல்களுள் காதல் தொடர்பானவை மூன்று: மறுத்தல், இசைதல், வினாதல். காதலை அறிவித்தல் என்னும் செயல் அவளிடம் இல்லை. அது பாபுவுக்கே உரியதாக உள்ளது.

தமிழ் மரபில் இது புதுமையன்று. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லால் வெளிப்படுத்துதல் இல்லை என்பது தொல்காப்பியக் களவியல் வகுத்த நெறி. குறிப்பாலும் தோழியின் வாயாலும் அது புலப்படவேண்டும். யமுனாவுக்கோ தோழி இல்லை. தாய் பார்வதி உடனிருந்தும் மகளின் மனத்தைச் சொல்லும் வாயாக அவள் அமையவில்லை. எனவே சங்கத் தலைவியின் கட்டுப்பாடு யமுனாவுக்கு உண்டு. அத்தலைவிக்கிருந்த துணை அவளுக்கு இல்லை.

3. பிறப்பும் ஆண்டும்

தலைவன் தலைவியரிடையே அமையவேண்டிய ஒப்புமைகள் பத்தினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் பிறப்பு, குடிமை, ஆண்டு ஆகிய மூன்றும் யமுனா, பாபு இருவரிடையே பொருந்தவில்லை. ஆண்டு ஒவ்வாமை வெளிப்படையானது. பெருந்திணைக்குரிய ‘இளமை தீர் திறம்’ என்பதற்கு உரைகண்ட இளம்பூரணர், தலைவி மூத்தவளாகவும் தலைவன் இளையவனாகவும் அமைவதையும் அதனுள் அடக்குகிறார். பாபுவின் காதலை ஊர் எவ்வாறு வகைப்படுத்துமோ அதனை இலக்கணம் முன்னரே வகைப்படுத்தி வைத்துள்ளது எனலாம்.

பிறப்பு ஒவ்வாமை இன்னும் ஆழமானது. யமுனாவின் தந்தை சுப்ரமணிய ஐயர் தமிழ்ப் பிராமணர்; தாய் பார்வதி தஞ்சை மராட்டியப் பெண். 17ஆம் நூற்றாண்டில் ஏகோஜி தொடங்கிய தஞ்சை மராட்டியர் ஆட்சி 1855இல் முடிவுற்றது. ஆட்சி முடிந்தபின்னும் மராட்டி பேசும் குடும்பங்கள் தஞ்சையில் நிலைத்தன. தமிழின் நடுவே தலைமுறைகளாகப் பேசப்பட்ட அவர்களது மராட்டி, மகாராட்டிர வழக்கினின்றும் வேறுபட்ட ஒரு கிளைவழக்காக வளர்ந்தது. யமுனா அத்தகைய ஒரு வீட்டின் மகள். அவளைப் பெண் பார்க்க வருவோர் பிறப்பைக் கேட்டறிந்ததும் விலகிவிடுகின்றனர். தந்தையின் மறைவுக்குப்பின் குடும்பம் வறுமையில் விழுகிறது. ஆண்டுகள் கழிகின்றன.

ஒரு பெண்ணின் முன்பாகவே அவள் எதற்குத் தகுவாள், எதற்குத் தகாள் என்பது மீண்டும் மீண்டும் பேசப்படும் நிலை இது. ‘இவள் எதற்கு?’ என்னும் வினாவைப் பிறர் அவளைக் குறித்து எழுப்பிக்கொண்டே இருந்தனர். நாவலின் இறுதியில் அவள் தானே அந்த வகை வினாவை எழுப்புகிறாள் என்பது பின்னர் விளக்கப்படும்.

4. மறுப்பின் நான்கு வடிவங்கள்

தமிழில் ஒருவர் ஒன்றை மறுப்பதற்கு நான்கு எதிர்மறை வடிவங்கள் பெருவழக்காக உள்ளன: வேண்டாம், மாட்டேன், முடியாது, கூடாது. இவற்றின் பொருள் வேறுபாடு ஒருபுறமிருக்க, மறுப்பவர் ஏற்கும் வேற்றுமை ஒவ்வொன்றிலும் வேறுபடுவது கருதத்தக்கது.

(அ) ‘எனக்கு வேண்டாம்’. மறுப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். விருப்பமின்மை பொருள்.

(ஆ) ‘நான் வரமாட்டேன்’. மறுப்பவர் எழுவாய். தன் முடிபால் மறுத்தல் பொருள்.

(இ) ‘என்னால் முடியாது’. மறுப்பவர் மூன்றாம் வேற்றுமையில் நிற்கிறார். இயலாமை பொருள்.

(ஈ) ‘செய்யக் கூடாது’. தடை மறுப்பவரின் மனத்தினின்றும் தோன்றுவதாக இத்தொடர் உணர்த்துவதில்லை. வழக்கம், அறம், ஊர் முதலிய புறத்ததிகாரமே தடையின் தோற்றுவாய்.

தங்கம்மாளுடன் நேர்ந்த உறவுக்குப்பின், குற்றவுணர்வால் உந்தப்பட்டு, பாபு யமுனாவிடம் தன் மனத்தைத் திறக்கிறான். அப்போது யமுனா கொள்ளும் நிலையை மேற்கண்ட நான்கு வடிவங்களோடு பொருத்திப் பார்க்கலாம். இங்கு அவளது சொற்களைக் காட்டிலும் அவள் மறுப்புக்கு அடிப்படையாக அமையும் காரணங்களே நோக்கப்படுகின்றன. வயது, சிறுவனாக இருந்த நாள்முதல் பழகிய உறவு, அவன் குடும்பம், ஊரார் பார்வை ஆகியவையே அக்காரணங்கள். இவை யாவும் ‘கூடாது’ என்னும் வகையைச் சார்ந்தவை. பாபு தனக்குப் பிடிக்காதவன் என்பது அவள் காட்டும் காரணமன்று. அதாவது, ‘வேண்டாம்’ என்னும் வகை மறுப்பு அங்கு இல்லை.

இவ்விடத்தில்தான் அவளது உள்முரண் தொடங்குகிறது. ‘கூடாது’ என்பதற்குள் ‘வேண்டாம்’ அடங்காது. ஒன்று கூடாது என்பவர் அதனை வேண்டாதவர் என்று கொள்ள இலக்கணம் இடந்தருவதில்லை. வேண்டியதொன்றையும் கூடாது எனலாம். பாபு இவ்வேறுபாட்டை மங்கலாகவேனும் உணர்ந்திருத்தல் வேண்டும். அவனது நெடிய காத்திருப்புக்கு வேறு மொழியியல் நியாயம் இல்லை.

தங்கம்மாளின் நிலை இதற்கு மறுதலை. முதியவர் ஒருவருக்கு மனைவியாக்கப்பட்ட அவ்விளம்பெண் தன் வேட்கையைத் தானே வெளிப்படுத்துகிறாள். ‘எனக்கு வேண்டும்’ என்பதே அவள் செயலின் பொருள். ஈற்றில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வேட்கையைச் சொன்னவள் இறக்க, சொல்லாதவள் வாழ்கிறாள். தங்கம்மாளை யமுனாவின் முன்னோட்டமாகவோ எதிர்நிலையாகவோ மட்டும் காண்பது போதாது. காதலைப் பற்றி ஒரு பெண் என்ன சொல்லலாம் என்பதற்கு அந்நாவலின் உலகம் வைத்திருந்த எல்லையைத் தங்கம்மாளின் முடிவு காட்டுகிறது. யமுனாவின் சொல்லடக்கத்தை அவ்வெல்லையோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

ஆண்டுகள் சென்றபின், தாயோடு முரண்பட்டு, சென்னையில் பணியாற்றும் பாபுவைத் தேடி யமுனா வருகிறாள். அவன் அவளுக்குப் புகலிடம் தேடித்தருகிறான். அவளைத் தடுத்த ‘கூடாது’ என்பதன் புறத்ததிகாரங்கள் ஒவ்வொன்றாக வலுவிழந்துவிட்டன. தந்தை இல்லை, தாயின் வீடு இல்லை, மணம் பேசுவோரும் இல்லை. இப்போது அவள் இசைகிறாள். அவ்விசைவு விருப்பத்தால் தோன்றியதா, நன்றியால் தோன்றியதா, தளர்ச்சியால் தோன்றியதா என்பதை நாவல் வெளிப்படக் கூறவில்லை. அவளே கேட்கும் வினாதான் அதற்கான சான்று.

5. நுகர்வும் நோக்கமும்

நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை முதலிய பொருள்களைக் கூறுகிறது. ‘கூலிக்கு வேலை செய்தான்’ என்பது பொருட்டு, அதாவது நோக்கம். இக்கால மொழியியலார் இவற்றோடு மற்றொரு பயன்பாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘அவளுக்குப் பிடிக்கும்’, ‘அவனுக்குத் தெரியும்’ போன்ற தொடர்களில் உணர்வையோ அறிவையோ பெறுபவர் நான்காம் வேற்றுமையில் வருகிறார். இவரை நுகர்வோர் எனக் குறிக்கலாம். இத்தொடர்களில் நுகர்வோர் வினையை இயற்றுபவராக அமைவதில்லை. உணர்வு அவரிடம் நிகழ்கிறது.

நாவலின் தலைப்பே நுகர்வின் பக்கம் நிற்கிறது. ‘மோகமுள்’ என்னும் தொகையை மோகமாகிய முள் என உருவகமாகவும், மோகத்தினது முள் என ஆறாம் வேற்றுமைத் தொகையாகவும் விரிக்கலாம். எவ்வாறு விரிப்பினும் முள் தைப்பது ஒருவருக்கு. தைக்கப்பட்டவர் வினையை இயற்றவில்லை. பாபுவின் காதல் முழுவதும் இவ்வகையில் அமைந்தது. அது அவனுக்கு நேர்ந்தது, அவனைத் துன்புறுத்தியது, அவனால் பிடுங்க இயலாதிருந்தது.

இனி யமுனாவின் வினாவுக்கு வருவோம். பல்லாண்டுக் காத்திருப்புக்குப்பின் இருவரும் கூடியதன்மேல் அவள் பாபுவை நோக்கிக் கேட்பது அது. நாவலைப் படித்தோர் அனைவரும் அதனை நினைவில் வைத்திருப்பர். அதன் உறுப்புகளைப் பிரித்து நோக்கின், அண்மைச் சுட்டு ஒன்றும், அதனோடு நான்காம் வேற்றுமை உருபும், தேற்றப்பொருள் தரும் ‘தான்’ என்னும் இடைச்சொல்லும் அதில் உள்ளன. வினைமுற்று இல்லை. காதல், அன்பு, ஆசை என்னும் பெயர்களுள் எதுவும் இல்லை.

இங்கு வரும் நான்காம் வேற்றுமை நுகர்வுப் பொருளதன்று, பொருட்டுப் பொருளது. பாபுவின் காதல் மொழியில் இவ்வுருபு அவனையே சார்ந்து நிற்க, யமுனா அவ்வுருபை நிகழ்ந்த செயலின்மேல் ஏற்றுகிறாள். ‘உனக்கு என்ன நேர்ந்தது’ என்னும் நிலையிலிருந்து ‘இது எதன்பொருட்டு’ என்னும் நிலைக்குப் பேச்சு மாறுகிறது.

நோக்கம் சுட்டப்படுகிறது; ஆனால் எதனுடைய நோக்கம் என்பது பெயரிட்டுக் கூறப்படவில்லை. மூன்று பொருள்களுக்கு இடமுண்டு. பாபுவின் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு இதன்பொருட்டா என்பது ஒன்று. அவன் அவளுக்குச் செய்த உதவிகள் இதன்பொருட்டா என்பது இரண்டு. காதல் என மக்கள் போற்றுவதும் அஞ்சுவதுமான யாவும் இதன்பொருட்டா என்பது மூன்று. இம்மூன்றனுள் ஒன்றைமட்டும் தேர்ந்துகொள்வோர் வினாவைச் சுருக்கிவிடுகின்றனர்.

‘இவ்வளவுதானா’ என்னும் பொருள்பட அதனை மொழிபெயர்த்தால் நிகழ்வது யாது? சுட்டு எஞ்சும், தேற்றமும் வினாவும் எஞ்சும், நோக்கம் மறைந்து அளவு புகும். அளவைக் கேட்பவள் ஏமாற்றமடைந்தவள். அவள் இன்னும் மிகுதியை எதிர்பார்த்தாள் என்றோ, உடலின்பத்தை இழிவாகக் கருதினாள் என்றோ வாசகன் கொள்ள நேரும். நோக்கத்தைக் கேட்பவள் ஏமாந்தவளாக இருக்க வேண்டியதில்லை. அவள் காதலை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதன் நியாயத்தை வினவுகிறாள். ஓர் உருபை அளவுச் சொல்லாக மாற்றியதன் விளைவாக, சிந்திக்கும் பெண் ஒருத்தி சலித்துக்கொள்ளும் பெண்ணாக மாறிவிடுகிறாள்.

6. சீத்தா கேம்ப் வாசிப்பு

மும்பையின் டிராம்பே பகுதியில் உள்ளது சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அகற்றப்பட்டபோது அங்கு வாழ்ந்தோர் குடியமர்த்தப்பட்ட இடம் அது. மாதுங்காவின் தமிழ் நடுத்தர வகுப்பினரைப் போன்றே தாராவி, செம்பூர், சீத்தா கேம்ப் ஆகிய இடங்களின் தமிழ் உழைக்கும் மக்களும் மும்பைத் தமிழின் பேச்சாளர்கள் ஆவர். சீத்தா கேம்ப்பின் தமிழர்கள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், அலுவல்களில் மராட்டியும் கலந்து வழங்குவது இயல்பாக உள்ளது. ஒரே நாளில் ஒரே செய்தியை மூன்று மொழிகளில் கூறவேண்டிய தேவை அவர்களுக்கு உண்டு.

அங்கு ஒரு வீட்டில், நாவலின் தேர்ந்தெடுத்த பகுதிகளைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இக்கட்டுரையாளர் வாசித்துக்காட்ட நேர்ந்தது. திட்டமிட்ட கள ஆய்வாக அது அமையவில்லை. கேட்டோர் பெண்கள் அறுவர். பெரும்பாலோர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தினர். ஒருவர் 1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் வெளிவந்த ‘மோகமுள்’ திரைப்படத்தைப் பார்த்திருந்தார். அதில் யமுனாவாக நடித்த அர்ச்சனா ஜோக்லேகர் மராட்டிய நடிகை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யமுனாவின் தாய் மராட்டியப் பெண் என்னும் செய்தியைத் தமிழகத்து மாணவர்கள் பெரும்பாலும் ஒரு விவரமாகக் கடந்துவிடுவர். இப்பெண்களோ அதிலேயே நின்றனர். யமுனா வீட்டில் தாயோடு எந்த மொழியில் சண்டையிடுவாள், பாபுவிடம் பேசும்போது எந்த மொழியில் நினைத்துப்பார்ப்பாள் என்பன அவர்கள் எழுப்பிய முதல் வினாக்கள்.

இறுதிப் பகுதியை வாசித்த நாளில் தமிழ் அறியாத அண்டைவீட்டுப் பெண் ஒருவரும் வந்திருந்தார். கேட்டோருள் ஒருவர் கதையை அவ்வப்போது இந்தியில் அவருக்குச் சொல்லிவந்தார். யமுனாவின் வினா வந்ததும், சற்றும் தயங்காமல், ‘இஸீ கே லியே தா க்யா’ என்றார்.

இத்தொடரை ஆராய்வோம். ‘இஸீ’ என்பது ‘இஸ்’ என்னும் சுட்டோடு ‘ஹீ’ என்னும் தேற்ற இடைச்சொல் சேர்ந்த வடிவம். தமிழின் ‘தான்’ தரும் பொருளை அது தருகிறது. ‘கே லியே’ பொருட்டுப் பொருளது. ‘க்யா’ வினா. அளவுச் சொல் எதுவும் இல்லை. அன்றியும், தமிழ் வினாவில் இல்லாத ‘தா’ என்னும் இறந்தகால வடிவை அவர் சேர்த்துள்ளார். அதனால் கழிந்த ஆண்டுகள் யாவும் வினாவுக்குள் வந்துவிடுகின்றன. வகுப்புகளில் இக்கட்டுரையாளர் தவறவிட்ட நோக்கப்பொருளை அவர் பிடித்துக்கொண்டதோடு, எதனுடைய நோக்கம் என்பதற்கான குறிப்பையும் கால இடைநிலை ஒன்றினால் தந்துவிட்டார்.

இதனைத் தொடர்ந்து ஒரு சிறு வாதம் நிகழ்ந்தது. கேட்டோருள் மூத்தவர், “அந்தப் பையன் பாவம்லா, இத்தன வருசம் காத்துக் கெடந்தவன்ட்ட இப்படியா கேக்கது?” என்றார். மொழிபெயர்த்துச் சொன்னவர் விடையிறுத்தார்: “இல்லக்கா, அவ கணக்குக் கேக்கா. அவளும்தான குடுத்திருக்கா. குடுத்தவ கணக்குக் கேக்கக் கூடாதா?”

இவ்விரு கூற்றுகளும் நாவலைப் பற்றிய இரு திறனாய்வு நிலைகளே. முன்னது பாபுவின் நோக்குநிலையில் நின்று வினாவைக் கொடுமையாகக் காண்கிறது. பின்னது யமுனாவை எழுவாயாக்குகிறது. ‘அவ கணக்குக் கேக்கா’ என்பதில் ‘அவ’ இயற்றும் எழுவாய். ‘கேக்கக் கூடாதா’ என்பதில், யமுனாவை நெடுங்காலம் தடுத்துநின்ற அதே ‘கூடாது’ வினாவாகத் திருப்பப்படுகிறது. நான்காம் பகுதியில் விளக்கப்பட்ட மறுப்பு வடிவங்களைப் பற்றி அவர்களிடம் எதுவும் கூறப்பட்டதில்லை.

கணக்கு என்னும் சொல் காதலுக்குப் பொருந்துமா என ஐயுறலாம். இக்கட்டுரையாளர்க்கும் அவ்வையம் முதலில் இருந்தது. ஆனால் யமுனாவின் நிலையை எண்ணிப்பார்க்கையில் அச்சொல் வன்மையானதாகத் தோன்றவில்லை. பிறப்பையும் வயதையும் வைத்து ஊரார் ஆண்டுக்கணக்கில் அவளுக்குக் கணக்கிட்டனர். தன்னளவில் அவள் ஒரே ஒருமுறை கணக்குக் கேட்கிறாள். அதுவும் தன்னை உண்மையாக நேசித்தவனிடம் கேட்கிறாள். வேறு எவரிடமும் கேட்டு விடைபெற இயலாது என்பது அவளுக்குத் தெரியும். அவ்வகையில் அவ்வினா நம்பிக்கையின் வெளிப்பாடுமாகும்.

7. மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கு

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படக்கூடிய மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, தமிழின் ‘கு’ உருபு நுகர்வோரையும் நோக்கத்தையும் ஒருங்கே குறிக்கவல்லது. ‘எனக்கு’, ‘இதற்கு’ என்னும் இரண்டும் ஓருருபின. மராட்டியில் இவை பிரிந்துவிடுகின்றன. ‘மலா தோ ஆவட்தோ’ (எனக்கு அவனைப் பிடிக்கும்) என்பதில் ‘லா’ நுகர்வோரைக் குறிக்க, நோக்கத்தை ‘ஸாடீ’ என்னும் வேறு சொல்லுருபு குறிக்கிறது. இந்தியில் ‘கோ’, ‘கே லியே’ எனப் பிரிகின்றன. எனவே பாபுவின் ‘எனக்கு’ என்பதற்கும் யமுனாவின் சுட்டு ஏற்ற நான்காம் வேற்றுமைக்கும் இடையே தமிழில் கேட்கும் எதிரொலி பெறுமொழிகளில் கேட்பதில்லை. இவ்விழப்பு தவிர்க்க இயலாதது. ஆனால் நோக்கப்பொருளை இழப்பது தவிர்க்கத்தக்கது. உருபின் ஒற்றுமையைக் காக்க முடியாதபோது பொருளையேனும் காத்தல் வேண்டும்.

இரண்டாவது, காதல் வினையின் எழுவாய் குறித்த எச்சரிக்கை. ‘பிடிக்கும்’ என்னும் தமிழ்த் தொடரை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது நுகர்வோர் எழுவாயாக்கப்படுகிறார். மராட்டியிலோ ‘மாஜ்ஹ த்யாச்யாவர் ப்ரேம் ஆஹே’ என, என்னுடைய அன்பு அவன்மேல் உள்ளது என்னும் அமைப்பும் வழங்குகிறது. அதில் அன்பே எழுவாய், நேசிப்பவர் அன்பை உடையவர் மட்டுமே. இவ்வாறு காதலின் இயற்றுநரை ஒவ்வொரு மொழியும் ஒவ்வோரிடத்தில் வைக்கிறது. மும்பைத் தமிழ்ப் பேச்சில் ‘லவ் பண்ணுறது’ என்னும் கூட்டுவினை நுகர்வோரை இயற்றுநராகவே ஆக்கிவிடுகிறது. காதலைத் தானே அறிவிக்காத யமுனாவைப் போன்ற ஒரு பாத்திரத்தைப் பெயர்க்கும்போது, பெறுமொழியின் இயல்பான அமைப்பு அவள் சொல்லாத அறிவிப்பை அவள் வாயில் திணித்துவிடக்கூடும்.

மூன்றாவது, தீர்ப்பைச் சேர்த்தல். தி. ஜானகிராமனின் மற்றொரு நாவலான ‘அம்மா வந்தாள்’ ஆங்கிலத்தில் ‘தி சின்ஸ் ஆஃப் அப்பூஸ் மதர்’ என்னும் தலைப்பில் வெளிவந்தது. மூலத் தலைப்பில் ஓர் எழுவாயும் ஒரு வினைமுற்றும் மட்டுமே உள்ளன. அம்மா வந்தாள் என்பதில் புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. ஆங்கிலத் தலைப்பில் அம்மா எழுவாய் நிலையை இழந்து, பாவங்களுக்கு உடையவளாக ஆகிவிடுகிறாள். தீர்ப்பு வாசகன் நூலைத் திறக்கும் முன்பே வழங்கப்பட்டுவிடுகிறது. யமுனாவின் வினாவை ஏமாற்றமாகப் பெயர்ப்பதும் இத்தகைய தீர்ப்பே. முன்னதில் அது வெளிப்படையானது. பின்னதில் ஓர் உருபின் மறைவில் நிகழ்வதால் கண்ணில் படாமல் போகிறது.

8. முடிவுரை

யமுனா காதலை மறுத்தவள் என்பதும், இறுதியில் அதற்குப் பணிந்தவள் என்பதும் பாபுவின் நோக்குநிலையிலிருந்து எழும் முடிபுகள். அவளது பேச்சுச் செயல்களைத் தனித்து ஆராயும்போது வேறொரு கருத்து புலப்படுகிறது. அவள் ‘கூடாது’ என்றபோது ‘வேண்டாம்’ என்னவில்லை. இசைந்தபோதும் வினவும் உரிமையைக் கைவிடவில்லை. காதல் ஒருவருக்கு நேர்வது என்பதை அவள் மறுக்கவில்லை. நேர்வதனால் மட்டும் அது நியாயமாகிவிடாது, அது எதன்பொருட்டு என்பதும் கேட்கப்படவேண்டும் என்பதே அவளது நிலை. அவளது உள்முரணை மனத்தின் உறுதியின்மையாகக் கொள்வதைவிட, விடைபெறாத ஒரு வினாவை நெடுங்காலம் சுமந்ததன் அடையாளமாகக் கொள்வதே பொருந்தும்.

இலக்கண நூலார் நான்காம் வேற்றுமையின் பொதுப்பொருளை ‘இதற்கு இது’ என்பர். ஒன்றை மற்றொன்றோடு பொருத்திக்காட்டும் உறவு அது. யமுனா அவ்வுறவின் ஒரு பாதியைச் சுட்டிக்காட்டி, மறுபாதியைப் பாபு நிரப்பவேண்டும் என விட்டுவிடுகிறாள். மொழிபெயர்ப்பாளர் அதனைத் தாமே நிரப்பிவிடலாகாது.

இக்கட்டுரையாளர் தம் பயிற்சி வகுப்புகளில் பழைய பெயர்ப்பை இப்போது பிழைக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறார். அதனருகே, சீத்தா கேம்ப்பில் அண்டைவீட்டாருக்காகச் சொல்லப்பட்ட இந்தித் தொடரையும் கரும்பலகையில் எழுதி, இரண்டனுள் எது மூலத்திற்கு அணித்தானது என மாணவர்களைக் கேட்கிறார். தஞ்சை மராட்டி வழக்கிலும் மும்பைத் தமிழ் வழக்கிலும் நுகர்வுத் தொடர்கள் அமையும் முறையை ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். யமுனாவின் வீட்டில் பேசப்பட்டிருக்கக்கூடிய மொழியை அத்தகைய ஆய்வே நமக்குக் காட்டவல்லது.